இன்னொருவர் மூக்கில் சோதித்த நாசில்

நான் வாழ்க்கையில் உருப்படியாக வடிவமைத்த பொருள் ஒன்றே ஒன்றுதான். மூக்கில் மருந்து அடிக்கும் பிளாஸ்டிக் குப்பிக்கு ஒரு நாசில். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். அதை எப்படிச் செய்தாய் என்று மேற்கொண்டு யாரும் கேட்டுவிடக் கூடாதே என்ற பயம்தான் காரணம். இப்போது நானே சொல்லிவிடுகிறேன். ரிட்டயர் ஆகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, எனக்கு மெமோ கொடுக்க இனி யாரும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நெய்வேலியில் சுரங்கத்துக்கு வேலை செய்யும் ஒர்க்‌ஷாப் ஒன்றில் நான் டர்னர். மதுரைப் பக்கம் இருந்து வந்து, பர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் வாங்கி, மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் இருந்தேன். உலோகம் கடையும் லேத்தில் எனக்குக் கை நன்றாக ஓடும். அதிலும் நாசில் என்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். பெல்ட்டில் ஓடிவரும் நிலக்கரி இன்னொரு பெல்ட்டில் விழுகிற இடத்தில் தூசி ஆளை மறைக்கும். அதை அமுக்கத் தண்ணீரைப் புகைபோலத் தெளிக்கும் நாசில் ஒரு வகை. மழைக்காலத்தில் கரி ஈரமாகிக் களிமண்போல் தகட்டில் அப்பிக்கொள்ளும். அதைக் கழுவித் தள்ளத் தண்ணீரைப் பாய்ச்சி அடிக்கும் நாசில் இன்னொரு வகை. என் பெயர் அடிபட்டது இந்த இரண்டாவது வகையில்தான்.

நாசில் நல்லதா, மோசமா என்று பார்க்க எங்களிடம் ஒரு வழி இருந்தது. ஒரு தகரத் தகட்டில் ஈரக் கரித்தூளை அப்பிச் சுவரில் சாய்த்து வைப்போம். கொஞ்சம் தள்ளி நின்று தண்ணீரை அடிப்போம். தகடு எவ்வளவு சீக்கிரம் வெளுக்கிறதோ அவ்வளவு நல்ல நாசில். கருவி எதுவும் வேண்டாம், கணக்கு எதுவும் வேண்டாம். கண் சொல்லிவிடும். அந்தத் தகட்டை நான் கோயில்போல நம்பினேன்.

எங்கள் இன்ஜினீயருக்குத் தீராத மூக்கடைப்பு. மேஜைமேல் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் குப்பி இருக்கும். பேச்சுக்கு நடுவே தலையை அண்ணாந்து, குப்பியை மூக்கில் வைத்து ஒரு அமுக்கு அமுக்குவார். அப்புறம் முகத்தைச் சுளித்துக்கொண்டு தண்ணீர் தேடுவார். ஒரு நாள் நான் டிராயிங் வாங்கப் போயிருந்தபோது குப்பியை என் முன்னால் ஆட்டிக் காட்டினார்.

"என்னப்பா இது, அமுக்கினா மூக்குல நிக்கவே மாட்டேங்குது. பாதி வெளிய ஒழுகுது, மீதி நேரா தொண்டைக்குப் போய்க் கசக்குது. நீதான் நாசிலுக்குப் பேர்போன ஆளாச்சே, மூக்குக்கு ஒண்ணு பண்ண மாட்டியா?"

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருடம் சார்ஜ்மேன் என்கிற மேற்பார்வையாளர் பதவிக்கு இன்டர்வியூ இருந்தது. கேள்வி கேட்கும் மேஜையில் அவரும் உட்காருவார். எனக்கு முன்னால் சீனியர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வாய்க்காது என்று தோன்றியது.

காலிக் குப்பி ஒன்றை அவரிடம் கேட்டு வாங்கினேன். அதன் முனையை அறுத்து எறிந்துவிட்டு, பித்தளையில் புது முனை கடைந்தேன். ஒர்க்‌ஷாப்பில் இருந்ததிலேயே மெல்லிய டிரில் பிட்டைப் போட்டு நேராக ஒரு துளை. துளை சிறுத்தால் வேகம் கூடும், வேகம் கூடினால் அடைப்பு போகும். என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான். கம்பெனி லேத்தில், கம்பெனி பித்தளையில் சொந்த வேலை செய்வது குற்றம். பிடிபட்டால் மெமோ நிச்சயம், இன்டர்வியூவை மறந்துவிட வேண்டியதுதான். அதனால் சாப்பாட்டு நேரத்தில்தான் செய்தேன். தகட்டில் கரியை அப்பி அடித்துப் பார்த்தேன். பொட்டு வைத்ததுபோல் ஒரு இடம் பளிச்சென்று வெளுத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்து அதை ஒரு மூக்கில் அடித்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் பகுதியில் காண்ட்ராக்டில் ஒருவர் இருந்தார். முத்தாண்டிக்குப்பத்தில் இருந்து சைக்கிளில் வருவார். லேத்துக்கு அடியில் விழும் பித்தளைச் சுருள்களை அள்ளுவது, மெஷின்களைத் துடைப்பது, இரும்புக் கம்பிகளைத் தூக்கிப் போடுவது, இதெல்லாம் அவர் வேலை. என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். அவர் என்னை 'சார்' என்பார். நான் அவரை 'வாய்யா, போய்யா' என்பேன். பர்மனென்ட்டுக்கும் காண்ட்ராக்டுக்கும் நடுவே பழக்கம் அப்படி. அது தப்பு என்று எனக்கு அப்போது தோன்றியதே இல்லை.

அந்தச் சமயத்தில் காண்ட்ராக்ட் ஆட்கள் சிலரைப் பர்மனென்ட் ஆக்க ஒரு பட்டியல் வந்திருந்தது. அதில் அவர் பெயரும் இருந்தது. பத்து வருடத்துக்கு மேலாகக் காத்திருந்தவர். மெடிக்கல் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. அடுத்த பட்டியல் வருவதற்குள் அவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மெடிக்கல் மட்டும் ஆயிட்டா போதும் சார். வியாழக்கெழம வரச் சொல்லிக்கிறாங்க. எம் மச்சானுங்க இத்தினி வருசமா என்னைக் கேலி பண்ணிகினு இருந்தானுங்க. இனிமே ஒருத்தனும் வாயத் தொறக்க முடியாது."

அவரைத்தான் நான் கூப்பிட்டேன். அவருக்கும் தூசியில் மூக்கு அடைத்துக்கொண்டுதான் இருந்தது. என் மூக்கோ நன்றாக இருந்தது. அடைத்த மூக்கில்தானே அடைப்பு போகிறதா என்று பார்க்க முடியும்? எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம் இது. உண்மை என்னவென்றால், தகட்டில் கரியைப் பெயர்த்த அந்த வேகத்தை என் மூக்கில் வாங்க எனக்குப் பயமாக இருந்தது.

"மருந்தா சார்? எனக்கு எதுக்கு?" என்றார்.

"மருந்தில்லய்யா, வெறும் உப்புத் தண்ணி. காய்ச்சி ஆறவெச்சது. இன்ஜினீயருக்காகப் பண்றேன். உன் மூக்கும் அடைச்சுத்தானே கெடக்கு?"

"அடச்சிகினுதான் கெடக்கு" என்று சிரித்தார். இன்ஜினீயருக்காக என்றதும் அவர் மறுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் அந்த வார்த்தையைச் சேர்த்தேன்.

அண்ணாந்து உட்கார்ந்தார். நானே அமுக்கினேன். உடம்பு ஒரு தரம் தூக்கிப் போட்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சுருக்குனு குத்துது சார்."

"அப்ப நல்லா வேலை செய்யுதுனு அர்த்தம்" என்றேன்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் சாப்பாட்டு நேரத்தில் இது நடந்தது. ஒவ்வொரு தடவையும் தொண்டைக்கு இறங்கியதா, மூக்கிலேயே நின்றதா என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். நான் பெரிய விஞ்ஞானி அல்லவா. திங்கட்கிழமை காலை அவர் தன் துண்டைக் கொண்டுவந்து காட்டினார். ஓரத்தில் சின்னச் சிவப்புக் கறை.

"லேசா ரத்தம் வந்துச்சு சார். வெயிலுக்கா இருக்கும்."

எனக்கு வேண்டிய சாக்கை அவரே எடுத்துக் கொடுத்தார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "வெயில்தான்" என்றேன். கூடவே, பித்தளை விளிம்பு கூராக இருந்து கீறியிருக்குமோ என்று ஒரு சந்தேகம். எமரி தாளால் தேய்த்து வழவழப்பாக்கினேன். துளையை இன்னும் சிறியதாகச் செய்தேன். வேகம் இன்னும் கூடியது. செவ்வாய்க்கிழமை மறுபடி அடித்தேன்.

புதன்கிழமை அவராகவே கொஞ்சம் தயங்கினார். "நாளிக்கு மெடிக்கல் சார். இன்னிக்கு வாணாமே."

அதற்கு நான் சொன்ன பதில் எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. மறக்க எத்தனையோ முயன்றும் போகவில்லை. "உப்புத் தண்ணிதானய்யா, ஒண்ணும் ஆகாது. மூக்கு சுத்தமா இருந்தா டாக்டருக்கும் பாக்கச் சுலபமா இருக்கும்ல?"

அவர் அண்ணாந்து உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை அவர் துவைத்து மடித்த வெள்ளைச் சட்டையில் போனார். பிற்பகல் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி வந்தபோது சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தத் துளிகள், மூக்கில் பஞ்சு. கண், காது, நெஞ்சு எல்லாம் சரியாக இருந்ததாம். டாக்டர் மூக்கை விரித்துப் பார்க்கக் கருவியை வைத்ததும் ரத்தம் கொட்டத் தொடங்கி, வெகு நேரம் நிற்கவே இல்லையாம். அந்தப் பயத்தில் ரத்த அழுத்தமும் ஏறிவிட்டது. காரணம் தெரியாமல் இப்படி மூக்கில் ரத்தம் வருகிற ஆளைத் தூசியில் வேலைக்கு எடுக்க முடியாது, இப்போதைக்குத் தகுதி இல்லை என்று எழுதிவிட்டார். அந்த டாக்டர் மேல் தப்புச் சொல்ல எதுவுமே இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் எழுதினார். தெரியாததைத் தெரிந்தவன் நான் ஒருவன் இருந்தேன்.

பட்டியலில் இருந்த மற்றவர்கள் அடுத்த வாரமே வேலையில் சேர்ந்தார்கள். ஒர்க்‌ஷாப்பில் இனிப்பு கொடுத்தார்கள். அவரும் ஒன்றை எடுத்துக்கொண்டு, கொடுத்தவர்களின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவர் என்னிடம் வந்து, டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டுவிடுவார் என்று நான் நடுங்கினேன். அவர் பெருக்கிக்கொண்டு வந்தால் நான் ஸ்டோருக்குப் போய்விடுவேன். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் மூலையைத் தேடினேன். சைக்கிளை வேறு ஸ்டாண்டில் விட்டேன். ஒளிந்துகொள்வதில் அத்தனை சாமர்த்தியம் எனக்கு இருந்தது எனக்கே தெரியாது. அவரோ என்னைத் தேடவே இல்லை.

கடைசியில் மனசு கேட்காமல் ஒரு சனிக்கிழமை அதே டாக்டரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன், இதை நீங்கள் நம்ப வேண்டும். சீட்டு வாங்கி பெஞ்சில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். 'டாக்டர், அவருக்கு நோய் ஒன்றும் இல்லை. ஒரு நாசிலை வைத்து நாலு நாள் அவர் மூக்கைக் கெடுத்தது நான்தான். இப்போது ஆறியிருக்கும். மறுபடி ஒரு தடவை பாருங்கள்.' நாலே வாக்கியம். என் முறை வந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "சொல்லுங்க, என்ன?" என்றார்.

என் வாயில் வந்தது இது: "டாக்டர், மூக்குல மருந்து அடிச்சா ரத்தம் வருமா?"

"யாருக்கு?"

"யாருக்கும் இல்லீங்க. பொதுவாக் கேக்கறேன்."

நல்ல மனிதர். வெளியே அத்தனை பேர் காத்திருந்தும் எரிந்து விழவில்லை. ஒரு சீட்டின் பின்பக்கத்தில் மூக்கின் படம் போட்டார். இரண்டு துவாரங்களுக்கும் நடுவில் இருக்கும் சுவரில், முன்பக்கமாக, மெல்லிய ரத்தக் குழாய்கள் வலைபோல் பின்னியிருக்கும், தோல் மிக மெல்லியது, அங்கே எது வேகமாகப் பட்டாலும் புண்ணாகும் என்றார். "நேரா அடிச்சா நடுச்சுவர்லதான் போய் விழும். வெளிப்பக்கமாச் சாய்ச்சு, கண்ணோட வெளி ஓரத்தைப் பார்த்து அடிக்கணும். பீய்ச்சக் கூடாது. பனி மாதிரி விழணும். அப்பத்தான் அங்கேயே ஒட்டி நிக்கும், தொண்டைக்கும் இறங்காது."

பனி மாதிரி. எனக்குப் பொறி தட்டியது. நான் செய்தது கரியைக் கழுவும் நாசில். செய்திருக்க வேண்டியது தூசியை அமுக்கும் நாசில். அதன் வயிற்றுக்குள் திருகு வரி போட்ட ஒரு சின்னத் துண்டு இருக்கும். தண்ணீர் அதைச் சுற்றிச் சுழன்று, வெளியே வரும்போது புகையாக உடையும். அதையே அரிசி அளவுக்குச் சிறியதாக்கி, முனைத் துளையைச் சாய்வாகப் போட்டால் தீர்ந்தது. டாக்டருக்குக் கும்பிடு போட்டு, படம் போட்ட சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கம்பவுண்டர் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் தெரிந்தவர். "என்ன, டாக்டர்கிட்ட ரொம்ப நேரம் பேசிட்டு வரீங்க?" என்றார். "ஒரு விசயமா" என்றேன்.

சைக்கிளில் பாதி வழி வந்த பிறகுதான், எதற்காகப் போனேனோ அதைச் சொல்லவில்லை என்பது உறைத்தது. திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. அந்த நேரத்தில் என் மனசில் இருந்தது வெட்கமும் அல்ல. சந்தோஷம். கணக்குக்கு விடை கிடைத்த சந்தோஷம். அதை நினைத்தால்தான் இன்று எனக்கு அதிகமாகக் கூசுகிறது.

இந்தத் தடவை பித்தளை வேண்டாம் என்று வெள்ளை நைலான் கம்பியில் செய்தேன். முனையை உருட்டி மழுக்கினேன். உள்ளே திருகுத் துண்டை வைத்தேன். துளையை ஒரு பக்கமாகச் சாய்த்து, எந்தப் பக்கம் என்று விரலுக்குத் தெரிய ஒரு சின்ன மேடும் விட்டேன். கரித் தகட்டில் அடித்தபோது ஒரு பொடிகூட நகரவில்லை. தகடு முழுக்க லேசாக ஈரம் படர்ந்தது, அவ்வளவுதான். பழைய கணக்குப்படி அது உதவாத நாசில். அப்புறம் என் மூக்கிலேயே அடித்துக்கொண்டேன். அதற்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. ரத்தம் வராது என்று தெரிந்துவிட்டதே.

இன்ஜினீயர் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டார். "பிரமாதம்யா! தொண்டைக்கு ஒரு சொட்டு இறங்கல. யார் மேல டெஸ்ட் பண்ணின?"

"என் மூக்குலதான் சார்."

அது பொய்யும் இல்லை. சொந்த வேலை, கம்பெனி நைலான் என்றெல்லாம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. தன்னைப் பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் குப்பியைக் காட்டினார். இன்டர்வியூவில் மற்றவர்களிடம் கேட்ட கேள்விகளில் பாதியைக்கூட என்னிடம் கேட்கவில்லை. நான் சார்ஜ்மேன் ஆனேன்.

முத்தாண்டிக்குப்பத்துக்காரர் கடைசிவரை பர்மனென்ட் ஆகவில்லை. அடுத்த பட்டியல் வந்தபோது வயது தாண்டிவிட்டிருந்தது. காண்ட்ராக்டர்கள் மாறினார்கள், அவர் அதே துடைப்பத்தோடு இருந்தார். பிறகு ஒரு நாள் வரவில்லை, அப்புறம் வரவே இல்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. நான் சார்ஜ்மேன் ஆன அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான்.

காலையில் குவார்ட்டர்ஸ் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. எட்டிப் பார்த்தால் அவர். கேரியரில் ஒரு பெரிய பலாப்பழம், கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கேட்க வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"காடாம்புலியூர்ல எங்க சகலையோட தோப்புது சார். நல்லா பழுத்துகினு இருந்துச்சு, பசங்க சாப்புடட்டும்னு எடுத்தாந்தேன்." பழத்தை இறக்கி வைத்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. படியோடு நின்றுகொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு டாக்டரு மூணு தபா கேட்டாருங்க, மூக்குல என்னா போட்ட, என்னா போட்டன்னு. ஒண்ணும் போடலன்னுட்டேன் சார். சொன்னா எங்க லேத்துல செஞ்சது, யாரு செஞ்சதுன்னு வரும். உங்களுக்கு மெமோ கிமோ வந்துட்டா? பிரமோசன் டயம் வேற."

நான் குனிந்து பழத்தை வாசல் ஓரமாக நகர்த்தினேன்.

"நீங்க அப்புறமா போயி எனக்காவ டாக்டராண்ட ரொம்ப நேரம் பேசினீங்களாமே. கம்பவுண்டரு சொன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு சார். ஆவறதும் ஆவாததும் வேற. ஒரு காண்ட்ராக்ட் ஆளுக்காவ யாரு சார் போயி பேசுவாங்க?"

சொல்லியிருக்கலாம். அங்கே வேறு யாரும் இல்லை. மெமோ பயமும் அப்போது இல்லை, பதவி கையில் வந்தாயிற்று. அவர் நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏதோ, என்னால முடிஞ்சதச் சொன்னேன்" என்றேன்.

அவர் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு சைக்கிளை எடுத்தார். என் மனைவி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை அறுக்க உட்கார்ந்தாள். "இம்புட்டுப் பெரிய பழத்தை யாருங்க குடுத்தது? என்ன விசேஷம்?" என்றாள். ஒர்க்‌ஷாப்பில் ஒருத்தருக்கு ஒரு உதவி செய்தேன், அதற்காகக் கொண்டுவந்தார் என்றேன். பெண்கள் இரண்டு பேரும் கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சுளை ஒவ்வொன்றும் நல்ல மஞ்சளில், தேனாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லக் காரணம் எதுவும் கிடைக்காததால் நானும் தின்றேன்.